மழையைப் பற்றிப் பேசினால் தப்பா?

கேள்வி:

நாங்கள் நான்கு பேர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் அம்பத்தூரிலேயே இருக்கிறேன். மற்றவர்கள் முடிச்சூர், வேளச்சேரி, பெரம்பூர். தினமும் காலை ஆறரைக்கு நான்கு பேரும் போனில் ஒன்றாகச் சேர்ந்துகொள்வோம். மழை, வெயில், கார் ரிப்பேர், பேரன் பேத்தி, யாருக்குச் சர்க்கரை ஏறியது, யார் வீட்டில் கல்யாணம், இவ்வளவுதான் பேச்சு.

நாற்பது நாளைக்கு முன் முடிச்சூர் நண்பரின் மனைவி மாரடைப்பில் போய்விட்டார். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எங்களுக்கெல்லாம் அவர் ‘டீச்சர்’தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை நண்பர் வழக்கம்போல் லைனுக்கு வந்தார். வந்ததும், “என்னய்யா, அம்பத்தூர்ல மழையா?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரம்பூர் நண்பர் என்னிடம் தனியாக, “பொண்டாட்டி போய் ஒரு மாசம்கூட ஆகல, மழையைக் கேக்கறான் பாரு” என்று கோபப்பட்டார். அவர் மனைவிக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அதனால் சட்டென்று எரிச்சலாகிவிடுவார்.

அதிலிருந்து முடிச்சூர் நண்பர் லைனில் இருந்தால் நாங்கள் சிரிப்பதில்லை. வேளச்சேரி நண்பருக்குப் பேத்தி பிறந்ததைக்கூட அவரிடம் சொல்லவில்லை. வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொண்டார். தீபாவளியன்று, துக்க வீடாயிற்றே என்று யாரும் கூப்பிடவில்லை. இப்போது அவர் லைனுக்கு வருவதே குறைந்துவிட்டது. டீச்சர் தன் ஓய்வுப் பணத்தில், தன் பெயரில் வாங்கிய கார் வீட்டில் இருக்கிறது. தினமும் அதில் ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டு, எங்கும் போகாமல் பத்து நிமிடம் கழித்து இறங்கிவிடுகிறாராம். அவருக்கு ஏதாவது மனநோய் ஆரம்பிக்கிறதா? இந்த நேரத்தில் நாங்கள் மழையையும் காரையும் பேசிக்கொண்டிருப்பது தப்பா?

வாசகர், அம்பத்தூர்

மனநல ஆலோசகரின் பதில்:

ஐயா, வணக்கம்.

உங்கள் நண்பர் மழையா என்று கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அன்று காலை அவர் வேறு எதைக் கேட்டிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வாரமாக அவரிடம் பேசியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு, கடைசியா என்ன பேசினாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா? ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லியிருப்பார். துக்கம் விசாரிக்க வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அது நம் வழக்கம், வேண்டியதும்கூட. ஆனால் பதினேழாம் நாள் காலை ஆறரைக்கு அவர் தேடி வந்தது, அந்தக் கதையைத் தான் சொல்ல வேண்டியிராத ஓர் இடத்தை. அது உங்கள் மூன்று பேரிடம்தான் இருந்தது.

இன்னொன்று. சென்னையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ‘அங்க மழையா’ என்பது வெட்டிப்பேச்சே இல்லை. இந்த ஊருக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கிற சுமார் 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. முடிச்சூரில் இருக்கிறவருக்கு அது நன்றாகவே தெரியும். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்து, அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததே, அப்போது செல்போன் டவர்களும் படுத்துவிட்டன. சொந்த அண்ணன் மாடியில் இருக்கிறாரா, படகில் ஏறிவிட்டாரா என்று தெரியாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்டதும் அப்படித்தான். அதையெல்லாம் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் மழையா என்று கேட்டால், உன் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கிறதா, கரண்ட் இருக்கிறதா, நீ பத்திரமா என்று அர்த்தம். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? உங்கள் வேளச்சேரி நண்பரும் நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தச் சமயத்தில் ‘காரை எடுத்துட்டியா’ என்று ஒருவர் கேட்டால் அது காரைப் பற்றிய கேள்வி மட்டுமா?

மனைவியை இழந்தவர் அன்று உங்களை விசாரித்தார். நீங்கள் மூன்று பேரும் வாயடைத்துப்போனீர்கள். உங்கள் பக்கத்துப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை.

துக்கத்தைப் பற்றி ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இருவர் 1999-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். என் வேலையில் எனக்கு அடிக்கடி கைகொடுப்பது அது. இழந்தவர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருகிறார் என்றார்கள். ஒரு நேரம் இழப்புக்குள் முழுகியிருப்பார், போட்டோவைப் பார்த்து அழுவார். இன்னொரு நேரம் கேஸ் புக் பண்ணுவது, பேங்குக்குப் போவது, மழையைப் பற்றிப் பேசுவது என்று வெளியே வருவார். ஒரே நாளில் பத்துத் தடவை இப்படி மாறலாம். இரண்டில் எது ஒன்றிலேயே சிக்கிக்கொண்டாலும்தான் கஷ்டம். ‘துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டாமே, இவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்’ என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் நிறைய. எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அந்த ஐந்தையும் எழுதியது, தாங்கள் சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசிவிட்டு. பின்னால் எல்லாத் துக்கத்துக்கும் அதை மாட்டிவிட்டார்கள். உங்கள் நண்பர் எந்தப் படியிலும் ஏறிக்கொண்டிருக்கவில்லை. காலை ஆறரைக்கு வெளியே வந்து பார்த்தார், அவ்வளவுதான்.

சரி, தப்பு எங்கே நடந்தது? உங்கள் செய்திகளை அவரிடம் சொல்லாமல் நிறுத்தியதில்தான். பேத்தி பிறந்த விஷயம் ஒன்று போதும். முப்பது வருஷப் பழக்கத்தில், ‘பொறந்தாச்சு, பொண்ணு, எடை இவ்வளவு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க’ என்று முதல் மணி நேரத்திலேயே சொல்லியிருப்பீர்கள். இந்தத் தடவை அவருக்கு மூன்றாம் மனிதர் மூலம் தெரிகிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள். ஆனால் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? ‘நான் துக்கப்பட்டவன், சுப காரியத்துக்கு ஆகாதவன், அதனால் சொல்லவில்லை.’ மனைவியை இழந்த ஆணுக்கும் நம் ஊரில் இந்த எண்ணம் லேசாக உண்டு, வெளியே சொல்வதில்லை. தீபாவளியன்று போன் செய்யாததும் அப்படித்தான். வாழ்த்துச் சொல்லக் கூடாது, சரி. ஆனால் தெரு முழுக்க வெடிச்சத்தம் கேட்கும்போது அந்த வீட்டில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? வாழ்த்து சொல்லாமல், ‘என்னய்யா பண்றே, சாப்பிட்டியா’ என்று கேட்பதை எந்தச் சாஸ்திரமும் தடுக்கவில்லை.

சாவு வீட்டில் ஆண்களுக்கு எப்போதும் ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்வது, பந்தல்காரருக்குப் பணம், மயானத்தில் ரசீது, ஐயருக்கோ பண்டாரத்துக்கோ தகவல், வருகிறவர்களுக்குக் காபி. பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள், ஒரு காலத்தில் ஒப்பாரி வைத்து மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவார்கள். ஆண்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள். பதினாறாம் நாள் சாமியானா கழற்றியதும் அந்த வேலையும் போய்விடும். அழத் தெரியாது, செய்யவும் ஒன்றும் இல்லை. உங்கள் நண்பர் இப்போது அங்கேதான் நிற்கிறார்.

அதனால் நாளைக் காலையே பழையபடி பேச ஆரம்பியுங்கள். ஒரே ஒரு தடவை மட்டும் நேராகச் சொல்லிவிடுங்கள். ‘கொஞ்ச நாளா உன்கிட்ட பயந்து பயந்துதான் பேசினோம். உனக்குக் கஷ்டமா இருக்குமோன்னு நினைச்சோம். பேத்தி விஷயத்தைக்கூடச் சொல்லல. மனசுல வச்சுக்காதே.’ வேளச்சேரி நண்பரே இதைச் சொன்னால் நல்லது. நீளமாக வேண்டாம், அப்புறம் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிடும். சொல்லிவிட்டு மழைக்குப் போய்விடுங்கள்.

மழையும் காரும் மட்டும் போதுமா என்றால், போதாது. டீச்சர் பெயர் அந்தப் பேச்சில் வர வேண்டும். இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பெயரை எடுத்தால் அழுதுவிடுவார் என்று பயம். ஐயா, நீங்கள் எடுக்காவிட்டாலும் அவர் அதை மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் வாயிலிருந்து வரவே இல்லையென்றால், ‘நாற்பது நாளில் எல்லோரும் மறந்துவிட்டார்கள்’ என்றுதான் அவருக்குத் தோன்றும். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கி, குரலைத் தாழ்த்திப் பேச வேண்டாம். மற்றதோடு கலந்து வரட்டும். ‘டீச்சர் கையால வத்தக்குழம்பு சாப்பிட்டு அன்னிக்கு எவ்வளவு தூங்கினோம்’, ‘இந்த மழையில நீ குடை எடுக்காம கிளம்பினா டீச்சர் விடுவாங்களா’ என்று. அவர் குரல் உடைந்தால் உடையட்டும். லைனில் எல்லோரும் சும்மா இருங்கள். பேச்சை மாற்ற அவசரப்பட வேண்டாம். அவரே மாற்றுவார், அப்போது கூடவே போங்கள்.

‘எப்படி இருக்கே’ என்ற கேள்வியை மட்டும் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. ‘இருக்கேன்’ என்பதைத் தவிர அதற்கு என்ன பதில் சொல்வது? ராத்திரி என்ன சாப்பிட்டே, பிரஷர் மாத்திரை இருக்கா தீர்ந்துபோச்சா, எத்தனை மணிக்குத் தூங்கினே என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிகிற கேள்விகள். இதற்கு ஒரு காரணமும் உண்டு. 1969-இல் இங்கிலாந்தில் காலின் மரே பார்க்ஸ் குழுவினர், மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே இறப்பு, அதே வயதில் மனைவியோடு இருக்கும் ஆண்களைவிட 40 சதவீதம் அதிகம். அதில் பெரும்பங்கு இதய நோய். பயமுறுத்தச் சொல்லவில்லை. நம் வீடுகளில் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தது மனைவிதான் என்பதால் சொல்கிறேன். எந்த மாத்திரை எந்த டப்பாவில் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இனி கார். அதில் உட்கார்ந்துவிட்டு இறங்குவதை மனநோய் என்று நான் சொல்ல மாட்டேன். டீச்சரின் கார், அவர் அட்ஜஸ்ட் செய்த சீட், அவர் மாட்டிய பிள்ளையார். வீட்டில் தனியாக உட்கார முடியாதவர் அங்கே உட்காருகிறார். ஆனால் ஒரு விஷயத்தை இன்றே பாருங்கள். கார் நிற்பது திறந்த இடத்திலா, மூடிய ஷெட்டிலா? மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு உட்காரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஷெட் கதவைத் திறந்து வைத்தால்கூடப் போதாது, வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு ஓடவிடு என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்.

பேட்டரிக்காகத்தான் ஓடவிடுகிறேன் என்று அவர் சொல்லலாம். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் பேட்டரி சரியாக ஏறாது என்பது உங்களுக்கும் தெரியும், வாழ்நாளெல்லாம் இயந்திரத்தோடு இருந்தவர்கள். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஓட்டினால்தான் நல்லது. இதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒரு காலை நீங்கள் மின்சார ரயிலில் தாம்பரம் போய் இறங்குங்கள். ‘ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டுப் போ’ என்று அவரிடம் சொல்லுங்கள். ஆறுதல் சொல்ல வருகிறேன் என்றால் வேண்டாம் என்பார். வண்டியோடு வா என்றால் வந்துவிடுவார். முதல் தடவை அவர் தயங்கினால் விடுங்கள், அடுத்த வாரம் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசும்போது ஆண்கள் சொல்லும் விஷயங்கள் என் அறையில் எதிரெதிரே உட்கார்ந்தால் வருவதில்லை.

அந்தக் காரில் உங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆர்.சி. டீச்சர் பெயரில் இருப்பதால் மாற்ற வேண்டும். சட்டப்படி, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள், வண்டியை வைத்திருக்கப்போகிறவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸும் அப்படியே. பாலிசிதாரர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் நாள் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். முப்பது நாள் கடந்துவிட்டது, பரவாயில்லை. மூன்று மாதம் இன்னும் முடியவில்லை, அதை விட்டுவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் தருவது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கைக்கு வர நாளாகும் என்பதால் முதலில் அதைத் தொடங்குங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்கள் சம்மதமும் தேவைப்படும். காரை விற்றுவிடு, பார்க்கப் பார்க்கத்தான் கஷ்டம் என்று சொந்தக்காரர்கள் இதற்குள் ஆரம்பித்திருப்பார்கள். பெயர் மாற்றத்துக்குக் கெடு உண்டு, விற்பதற்கு எந்தக் கெடுவும் இல்லை என்று சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அவர் தனியாக நின்று ‘இறந்தவர் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பக் கூடாது. பேனாவை நீங்கள் பிடியுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? நாற்பது நாளில் தூக்கம் வராதது, திடீரென்று அழுவது, டீச்சர் கூப்பிட்டது போலக் காதில் கேட்பது எல்லாம் பலருக்கும் நடப்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கத்தை ஒரு பாதிப்பு என்று சொல்லவே குறைந்தது ஆறு மாதம் ஆக வேண்டும். ஆனால் சாப்பாடே நின்றுபோனால், குடி ஆரம்பித்தால், குளிக்காமல் வெளியே வராமல் கிடந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். ‘நானும் போய்ச் சேர்ந்துடறேன்’ என்று சொன்னால், அப்படியெல்லாம் பேசாதே என்று அடக்காதீர்கள். ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் 104 சுகாதார உதவி எண்ணிலும், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-லும் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியாகப் பெரம்பூர் நண்பர். அவரைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. மனைவி டயாலிசிஸில் இருக்கிறவர், மனைவியை இழந்தவர் மழையைப் பற்றிக் கேட்டதற்குக் கோபப்படுகிறார். அது முடிச்சூர் மேல் வந்த கோபமாக எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு எனக்கு இப்படி ஆனால் நானும் மழையாவென்று கேட்பேனா என்ற பயமாக இருக்கலாம். அவரிடம் இதை எடுத்துச் சொல்லி விளக்க வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, வாரத்தில் எந்தெந்தக் கிழமை டயாலிசிஸ், எத்தனை மணிக்கு, கூட யார் போகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு தடவைக்குச் சுமார் நான்கு மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரமும் அவர் வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்துக் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் திரும்பி வர ஆட்டோவும் லேசில் கிடைக்காது. வேளச்சேரிக்காரரிடம் ஒரு கார் இருக்கிறது, முடிச்சூரில் ஒரு கார் ஓடாமல் நிற்கிறது. யார் எந்தக் கிழமை போவது என்று நீங்கள் நான்கு பேரும் காலை ஆறரைக்கே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.